நிம்மதி, நோக்கம், போதும் என்ற மனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுறவு சங்கம் ஒன்றில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கம். கடன் கேட்டு வருகிறவர்கள் பணத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள், அப்புறம் மகளின் கல்யாணம், தம்பியோடு வழக்கு, இரவில் உறக்கம் வராதது என்று பேச்சு எங்கெங்கோ போகும். இப்போது வேலை இல்லை, ஆனாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை, வாட்ஸ்அப்பில் வருகிறது. திரும்பத் திரும்ப வருகிறவற்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் சாமியாரும் இல்லை, டாக்டரும் இல்லை. உங்கள் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும்?

கேட்கவேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. படித்துப் பாருங்கள், ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் மனதில், நோக்கம் என்றால் ஏதோ பெரிய காரியம், அது தெரிந்த அன்றிலிருந்து வாழ்க்கையே மாறிவிடும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: நாளைக் காலையில் இன்ன நேரத்துக்கு நீங்கள் வரவில்லை என்றால் யாராவது தேடுவார்களா? தேட ஒரு ஆள் இருந்தால் நோக்கம் இருக்கிறது. இல்லையென்றால், எவ்வளவு யோசித்தாலும் அது யோசனையாகத்தான் நிற்கும்.

எங்கள் ஊர் வாசகசாலையைத் திறக்கிறவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாகப் பேப்பர்களை உதறி, விளம்பரத் தாள்களைத் தனியே உருவி எடுத்து, மடிப்பு நேராக வரும்படி கையால் நீவி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கிளிப் போட்டு மேஜையில் பரப்புவார். அவர் வருவதற்கு முன்னாலேயே வயதான பாட்டாக்கள் இரண்டு மூன்று பேர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள், பத்து நிமிஷம் பிந்தினால் போன் போகும், 'எங்கே வே, ஆளைக் காணோம்' என்று. சம்பளம் கிடையாது. அவரிடம் போய் உங்கள் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார், பிறகு உட்கார்ந்து பேப்பர் படிக்கச் சொல்வார்.

'பிடித்த வேலையைச் செய்' என்கிற அறிவுரையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அது கையில் காசு இருப்பவர்களுக்கான அறிவுரை. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் யாரும் சின்ன வயதில் அதைக் கனவு கண்டு போகவில்லை. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகவேண்டும், ஏனென்றால் குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, பட்டை திரும்பி வளரும்போது முடிச்சு முடிச்சாக வரும், அடுத்த தடவை அந்த இடத்தில் கத்தி ஓடாது. சீவிய சரிவில் வெள்ளையாகப் பால் இறங்கி சிரட்டையில் சொட்ட ஆரம்பிக்கும்போது வெட்டியவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. இந்த வேலை பிடிக்குமா என்று கேட்டால் 'என்ன செய்ய' என்பார்கள். ஆனால் வேறொருவன் ஆழமாக வெட்டிக் கெடுத்த மரத்தைப் பார்த்தால் அவர்களுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது வேலையைப் பிடிக்காதவனுக்கு வருகிற கோபம் இல்லை. பிடித்தம் பல நேரம் வேலை கை வந்த பிறகுதான் வருகிறது.

விவேகானந்தர் கன்னியாகுமரிப் பாறையில் மூன்றே நாளில் தன் நோக்கத்தைக் கண்டுகொண்டாரே?

அவர் பாறைக்கு வந்தது 1892 டிசம்பரில். அதற்கு முன்னால் வருஷக்கணக்காக நாடு முழுக்க அலைந்து, பட்டினியையும் பஞ்சத்தையும் நேரில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அந்த அலைச்சலை விட்டுவிட்டு மூன்று நாளை மட்டும் பேசுகிறோம். 1894-ல் எழுதிய ஒரு கடிதத்தில், அந்தப் பாறையில் உட்கார்ந்தபோது தனக்கு ஒரு திட்டம் தோன்றியதாகச் சொல்கிறார்: சந்நியாசிகள் ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்பது. கண்ணை மூடி உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது வேலைத்திட்டம் என்பதைக் கவனியுங்கள். அடுத்த வருஷமே, 1893-ல், சிகாகோவில் நிற்கிறார். நம்மவர்கள் அலைச்சலும் வேண்டாம், வேலையும் வேண்டாம், நடுவில் உள்ள பாறை மட்டும் போதும் என்கிறார்கள்.

நான் காலை ஐந்து மணி முதல் இரவு வரை வீட்டில் ஓயாமல் உழைக்கிறேன். எனக்கு நோக்கமும் தெரியவில்லை, நிம்மதியும் தெரியவில்லை. (பெண்கள் பலர் கேட்டது)

மேலே சொன்ன 'யார் தேடுவார்கள்' கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்களைத்தான் எல்லாரும் தேடிக்கொண்டே இருக்கிறார்களே, சட்டை எங்கே, சாவி எங்கே, சாயா எங்கே என்று. உங்களுக்குக் குறைச்சல் யாரும் தேடாத ஒரு மணி நேரம். அதை வீட்டில் கேட்டு வாங்கத்தான் வேண்டும், தானாக யாரும் தரமாட்டார்கள். எனக்குத் தெரிந்த பெண்கள் பலருக்கு மகளிர் குழுக் கூட்டம்தான் அந்த நேரம். கடன் தவணை கட்டுவது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், மிச்ச நேரம் முழுக்கச் சிரிப்பும் பேச்சும்தான். அந்தக் கூட்டத்தை எதற்காகவும் விடாதீர்கள். 'அங்கே போய் என்ன செய்கிறாய்' என்று கேட்கிற கணவருக்கு இந்தப் பத்தியை அனுப்பிவையுங்கள்.

போதும் என்ற மனம் எப்படி வரும்?

முதலில் கடனைப் பாருங்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது, ஆன்மிகமாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார்கள். ஆனால் நகைக்கடன் மேஜையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? சங்கிலியை மீட்க வருகிற அம்மாக்கள், நகையை எடை போட்டுக் கையில் கொடுத்ததும் பையில் வைக்கமாட்டார்கள், அங்கேயே நின்று கொக்கியைத் தடவித் தடவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் படி இறங்குவார்கள். அந்த முகத்தில் தெரிகிறதுதான் நிம்மதி. அதே அம்மாவிடம் வட்டி ஓடிக்கொண்டிருந்த நாட்களில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வருமானம் சின்னதாக இருப்பதில் கேடில்லை, செலவு போகிற வழி அகலாமல் இருந்தால் சரி என்று வள்ளுவர் 478-ஆம் குறளில் சொல்கிறார்:

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை.

கடலுக்குள் 133 அடிக்கு நிற்கிற சிலையின் முன்னால் போட்டோ எடுக்கிறோம், இந்த இரண்டு வரியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். எங்கள் பக்கம் போகாறு அகலுகிற இடங்கள் இரண்டு: கல்யாணமும் வீடும். மண்டபத்தின் அளவு, போடுகிற பவுனின் கணக்கு, சாப்பாட்டில் எத்தனை வகைக் கறி என்று எல்லாமே அடுத்த வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்துத்தான் முடிவாகிறது. கடன் வாங்க வருகிறவர் தன் சம்பளத்தைச் சொல்லுமுன் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தைச் சொல்வார். அப்போதே எனக்குத் தெரிந்துவிடும், இந்தக் கடன் எந்தப் பக்கம் போகும் என்று.

கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படிப்புக்கு, தொழிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்கித்தான் ஆகவேண்டும். அதில் உறக்கம் கெட்டாலும் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஊர் பார்ப்பதற்காக வாங்கிய கடனில் உறக்கம் கெடுவதுதான் ஆளைத் தின்கிறது.

பிள்ளைகள் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார்கள், பெரிய வீடு கட்டியாயிற்று. ஆனாலும் மனசு ஒரே வெப்ராளம், பதைப்பு. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இந்த வீடு இருக்கிறது. மாடியில் நான்கு அறை, எல்லாவற்றிலும் கட்டில் மேல் விரித்த துணி, கீழே ஒரு அறையில் மட்டும் இரண்டு பேர். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிக்க வைத்தோம், படித்தார்கள், படிப்புக்கு ஏற்ற வேலை இங்கே இல்லாததால் போய்விட்டார்கள், வளைகுடாவுக்கும் அதற்கு அப்பாலும். நர்ஸாகப் போன பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் நோக்கம் முப்பது வருஷமாகப் பிள்ளைகளாக இருந்தது. அது நிறைவேறிவிட்டது. நிறைவேறிய நோக்கம் திரும்பவும் உதவாது, புதிதாக ஒன்று வேண்டும், அதுவும் போனில் வருவதாக இல்லாமல் நடந்துபோகிற தூரத்தில் வேண்டும். கோயில் கமிட்டியோ, சர்ச் பாடகர் குழுவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதோ எதுவானாலும் சரி. மாடியில் ஒரு அறையைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு வாடகைக்கு விட்டால் மானம் போய்விடாது. மகன் 'எதற்கு இதெல்லாம், நான்தான் அனுப்புகிறேனே' என்பான். காசுக்காக இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

போதும் என்று இருந்தால் அநியாயத்தையும் பொறுத்துப் போக வேண்டுமா?

வேண்டாம். இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே எனக்கு ஆச்சரியம். தோளை மறைத்துத் துணி போடும் உரிமைக்காக எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை வருஷம் போராடினார்கள், திருவிதாங்கூர் அரசு 1859-ல்தான் இறங்கிவந்தது. உள்ளதே போதும் என்று அவர்கள் இருந்திருந்தால்?

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) என்ன செய்தார் என்று பாருங்கள். தலை நிமிர்ந்து நடக்கவே விடப்படாத மக்களிடம் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னார். சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார், முத்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது. அவர் வழியில் வந்தவர்கள் கும்பிடுகிற இடங்களான பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் கண்ணாடிதான், கும்பிடப் போனால் உங்கள் முகம் தெரியும். நீ கீழானவன் என்று தினமும் சொல்லப்பட்ட ஒருவன் அந்தக் கண்ணாடியின் முன் நின்றபோது அவனுக்குக் கிடைத்ததை மன அமைதி என்று சொல்லலாம் என்றால், அந்த அமைதிக்கு முதலில் முதுகு நிமிர வேண்டியிருந்தது. அடிபடுகிறவனிடம் போய் 'அமைதியாக இரு' என்று சொல்கிற எந்த உபதேசத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பொருளில் போதும் என்று இருங்கள், மரியாதையில் இருக்காதீர்கள்.

தியானம் செய்தால் நிம்மதி வருமா?

சிலருக்கு வரும். எனக்குக் கண்ணை மூடினால் பாதி நாள் உறக்கம்தான் வருகிறது, அதுவும் நல்லதுதான்.

உட்கார இடம் வேண்டும் என்றால் சிதறால் மலைக்குப் போங்கள். 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன, கூட்டம் குறைவு, காற்று நன்றாக வரும். மருந்துவாழ் மலையும் உண்டு, நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை அங்கேதான். ஆனால் ஏற்றம் அதிகம், முட்டு வலி உள்ளவர்கள் யோசித்துப் போகவும், தண்ணீர் கொண்டுபோகவும்.

உட்கார முடியாதவர்கள் நடக்கலாம். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களைப் பாருங்கள், முஞ்சிறைப் பக்கம் திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல், கையில் ஒரு பனை ஓலை விசிறி, வாயில் 'கோவிந்தா கோபாலா'. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிறான், எங்கள் ஊர்க் குசும்பு இதுதான். இரவு முழுக்க வழியில் ஊர்க்காரர்கள் தண்ணீரும் சாப்பாடும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஓடி முடித்தவர்களிடம் என்ன யோசித்தீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். கால் வலியைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஆனால் அடுத்த வருஷமும் போவார்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு?

எல்லாம் அப்படியே பொருந்தும். நான் மேலே சொன்ன வாசகசாலைக்காரர் எந்தக் கோயிலுக்கும் போகாதவர். தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் ஆண்டு விழா இரவில் ஞானப்புகழ்ச்சி பாடும்போது மட்டும் கேட்கப் போவார், பாட்டுக்காகவாம்.

அண்ணனோடு சொத்துத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை. அவனை நினைத்தாலே இரவு உறக்கம் போகிறது.

இரண்டாகப் பிரியுங்கள்: வழக்கு வேறு, பேச்சு வேறு. நியாயமான பங்கை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், விட்டுக்கொடுத்துவிட்டு ஆயுசு முழுக்கக் கறுவிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வக்கீலிடம் கொடுத்துவிட்டு, வாய்தா அன்றைக்கு மட்டும் அதை நினையுங்கள். ஆனால் அவன் வீட்டில் ஒரு மரணம், ஒரு கல்யாணம் என்றால் கூப்பிடவில்லை என்றாலும் போய் நின்றுவிட்டு வாருங்கள். அரை செண்டு விளை நிலத்துக்காக அம்மாவின் அடக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்ற அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும், வழக்கில் ஜெயித்தவர்தான் இப்போது அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

போனை விட்டால் நிம்மதி வருமா?

படுக்கிற அறைக்குள் கொண்டுபோகாமல் இருந்து பாருங்கள். பாதி வரும்.

வேண்டியவரைப் பறிகொடுத்த பிறகு அமைதி என்று ஒன்று உண்டா?

2004 சுனாமியில் குளச்சலிலும் மணக்குடியிலும் போனவர்களுக்காக டிசம்பர் 26 தோறும் நினைவிடங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், வருஷம் எத்தனை ஆனாலும் அழுகை அப்படியேதான் இருக்கிறது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் உடல்கூடக் கிடைக்கவில்லை, அந்த வீடுகளில் காத்திருப்புக்கு முடிவே இல்லாமல் போயிற்று. 'காலம் ஆற்றும்' என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன். துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் நிறையப் பேசுகிறவரை வீட்டுக்காரர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை, ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகக் கூட அலைந்தவரை மறப்பதில்லை. இழந்தவர் அமைதியாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் அழட்டும். நீங்கள் கஞ்சி வைத்துக்கொடுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுங்கள்.

வயது 28, அரசுத் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கிறேன். வேலை கிடைத்தால்தான் நிம்மதி. அதுவரை என்ன செய்வது?

மக்ளே, வேலை கிடைத்தவர்களும் என்னிடம் கடன் கேட்டுத்தான் வந்தார்கள். அது கிடக்கட்டும். எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எத்தனை வயது வரை என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவை. நாளில் மூன்று மணி நேரமாவது காசு வருகிற ஒரு வேலைக்குப் போ, டியூஷனோ கடைக்கணக்கோ எதுவானாலும். அறையில் அடைந்து கிடந்து படிப்பவனைவிட வெளியே போய்வந்து படிக்கிறவன் மோசமாக எழுதி நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் 'இப்போ என்ன செய்யுத' என்று கேட்கிறவர்களுக்கும் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

ஓய்வெடுத்தால் குற்ற உணர்ச்சி வருகிறது.

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், மீன் எவ்வளவு கிடந்தாலும். ரப்பரையும் ஒன்றுவிட்ட ஒருநாள்தான் வெட்டுகிறார்கள், தினமும் வெட்டினால் பால் வற்றிவிடும். உடம்பும் அந்த மரம் மாதிரிதான்.

இதெல்லாம் செய்தும் மனம் சரியாகவில்லை என்றால்?

அப்போது இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, செத்தால் என்ன என்று தோன்றுகிறது என்றால், அது போதும் என்ற மனம் இல்லாததால் வந்தது இல்லை. நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கேரளா வரை போய்க் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியாவது போனால் சரி. பூசாரியிடமோ பாஸ்டரிடமோ போவதை நான் தடுக்கவில்லை, ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கன்னியாகுமரி வந்து சூரிய உதயம் பார்த்தால் மன அமைதி கிடைக்குமா? (வெளியூர்க்காரர்கள் கேட்பது)

டிசம்பர், ஜனவரியில் வந்தால் ஆயிரக்கணக்கானவர்களின் செல்போனுக்கு நடுவே சூரியன் கிடைக்கும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் பல நாள் மேகம் மறைத்துக்கொள்ளும். அமைதிக்காகவே வருகிறீர்கள் என்றால் பாறை நினைவு மண்டபத்தில் தியான மண்டபம் இருக்கிறது, உள்ளே பேசக்கூடாது, அவசரமில்லாமல் உட்காரலாம், பெரும்பாலானவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவதால் இடமும் கிடைக்கும். படகு வரிசை வெயில் ஏற ஏற நீளும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். கடல் சீற்றமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அப்படியானால் சுசீந்திரம் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்து பாருங்கள்.